பனியன் பெட்டியில் சாப்ளின்

"ஏனுங்கப்பா, இதெல்லாம் யூடியூப்புலயே கெடக்குது. இந்த நாத்தத்தை எதுக்கு வீட்டுல வெச்சிருக்கீங்க?" என்று போன வாரம் மகன் கேட்டான்.

நாற்றம் உண்மைதான். பழைய பனியன் பெட்டியில் ஐந்து 8 எம்.எம். படச்சுருள்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் வினிகர் வாடை வந்துவிட்டது. அசிடேட் ஃபிலிமுக்கு வயதானால் அப்படித்தான். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்று அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

அது சாப்ளினின் 'தி இமிக்ரண்ட்', 1917-ல் வந்தது. கப்பல் காட்சிகள் மட்டும் உள்ள 200 அடிச் சுருள், கால் மணி நேரம் ஓடும். 1981-ல் கம்பெனி வேலையாகச் சென்னை போனபோது, கையால் சுற்றும் சின்ன புரொஜக்டரோடு சேர்த்து மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். நூற்றிருபது ரூபாய். வீட்டில் சொன்னது நாற்பது.

என் அத்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தெருவில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எழுத விருப்பமில்லை. அதனாலேயே 'ஊமைப்படம்' என்ற சொல்லும் எனக்கு ஆகாது, பேசாப் படம் என்றே சொல்வேன். சினிமாவுக்குக் கூட்டிப்போனால், கொட்டகையே சிரிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை சிரிப்பார்.

வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டேன். கப்பல் விளிம்பில் குனிந்து சாப்ளின் உதறிக்கொண்டிருக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. வாந்தி என்று நாங்கள் முகம் சுளித்தோம். திரும்பினால் கையில் மீன்! முதலில் சிரித்தது அத்தைதான். அன்று அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஆடும் கப்பலில் சூப் தட்டு மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும் இடத்தில், மெதுவாகச் சுற்றச்சொல்லி என் தோளைத் தட்டுவார். அந்தக் காலத்தில் கொட்டகையிலும் கையால்தான் சுற்றினார்கள். நம் கோவையில் 1914-ல் வெரைட்டி ஹால் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், அதற்கு முன் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர். எந்த ஊரில் எந்தச் சிரிப்புக்காகக் கை வேகம் குறைந்ததோ!

நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. வெளிநாட்டுப் பழைய நகைச்சுவைப் படங்கள் சில, வீட்டில் போட்டுப் பார்க்க விற்ற இதுபோன்ற சின்னச் சுருள்களால்தான் பிழைத்தன. இதை மகனிடம் சொன்னேன். அத்தை சமாச்சாரத்தைச் சொல்லவில்லை.

ஃபிலிம் சுருங்கி, ஓட்டைகள் பல்லில் உட்காரவில்லை. இனிச் சுற்ற முடியாது. பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறேன், காற்றாட.