ஏரி ஏன் பச்சையாகிறது?



பச்சை என்றால் நமக்குச் செழிப்பு. வயல் பச்சையாக இருந்தால் மகிழ்கிறோம். செம்பனை மட்டை மஞ்சளித்தால் கவலைப்படுகிறோம். அப்படியிருக்க, ஏரி பச்சையானால் மட்டும் அதனை நோய் என்று ஏன் சொல்கிறார்கள் என 5ஆம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! நம் வகுப்பறைகளில் நீர்த் தூய்மைக்கேடு என்றதும் குப்பையும் எண்ணெயும் தொழிற்சாலைக் கழிவுமே பேசப்படுகின்றன. ஒரு நெகிழிப்பை கூட மிதக்காத ஏரியும் பச்சையாகும் என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

விடை உர மூட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. மூட்டையில் மூன்று எண்கள் இருக்கும்: முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. தோட்டத்தில் வாளியைச் சுமந்து மரத்துக்கு மரம் உரம் வீசிய நம் தாய்மார்களுக்கு இவற்றின் வேதியியல் பெயர்கள் தெரியாமல் இருந்திருக்கலாம். எது இட்டால் இலை தழைக்கும் என்பது நன்றாகவே தெரியும். மணிச்சத்து என்பதுதான் பாஸ்பரஸ். கதிரில் மணி பிடிக்க உதவுவதால் வந்த பெயர். எத்துணை அழகான சொல்! நம் அறிவியல் பாடத்தில் இச்சொல்லைப் புழங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நிலத்தில் நெல்லுக்கு ஊட்டமாவது நீரில் பாசிக்கும் ஊட்டமாகிறது. பாசி வளரக் கரிமம் வேண்டும், தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும். முதலிரண்டும் காற்றில் உள்ளன. மணிச்சத்துக்குக் காற்றில் இருப்பு இல்லை. அது பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் மெல்லக் கரைந்து வருவது. ஆகவே இயற்கையான ஏரியில் அதுதான் பற்றாக்குறை. உரம், கழிவறை நீர், சலவைத்தூள் வழியாக அந்தப் பற்றாக்குறையை நாம் தீர்த்து வைத்துவிடுகிறோம். 1 கிலோ மணிச்சத்து ஏறத்தாழ 500 கிலோ பாசியை வளர்க்கும் என்பது அறிவியலாளர் கணக்கு. பாசி பெருகினால் இரவில் நீரிலுள்ள உயிர்வளியை அதுவே குடித்துவிடும். மடிந்து அடியில் அழுகும்போது எஞ்சியதும் தீரும். மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதப்பதன் காரணம் இதுவே.

இது 1970களின் தொடக்கம் வரை ஒரு வழக்காக இருந்தது. வட அமெரிக்காவின் ஏரி ஏரி (ஆம், அதன் பெயரே ஏரிதான்!) பாசி மண்டித் திணறியபோது, சலவைத்தூளிலுள்ள பாஸ்பேட் காரணமன்று, கரிமமே காரணம் என்று சலவைத்தூள் தயாரிப்பாளர் தரப்பு வாதிட்டது. போத்தலில் ஏரிநீரை ஊற்றிச் செய்த சோதனைகள் சில அதற்குத் துணை நின்றன. கனடா நாட்டு அறிவியலாளர் டேவிட் சின்ட்லர், போத்தலை விட்டுவிட்டு ஏரியையே சோதனைக் குழாயாக்கினார். ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே 1968இல் ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரி, நடுவில் இடுங்கி இரு பாதியாக இருக்கும். 1973இல் அந்த இடுக்கில் நெகிழித் திரையைக் கட்டி, இரு பாதிக்கும் கரிமமும் தழைச்சத்தும் இட்டார். ஒரு பாதிக்கு மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார். அந்தப் பாதி மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த ஒரே ஒரு நிழற்படம், பல ஆண்டு வாதத்தை முடித்து வைத்தது. 1991இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு இவருக்கே கிடைத்தது. 2021இல் மறைந்தார்.

பக்கத்து 227ஆம் எண் ஏரியின் கதை இன்னும் சுவையானது. அதற்கு 1969 முதல் உரமிட்டு வந்தவர்கள், 1990இல் தழைச்சத்தை நிறுத்திவிட்டு மணிச்சத்தை மட்டும் இட்டார்கள். ஏரி பச்சையாகவே நீடித்தது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கவல்ல நீலப்பச்சை நுண்ணுயிர்கள் பெருகிக் குறையை ஈடுசெய்தன. இரண்டையும் கட்டுப்படுத்த வேண்டும் என வாதிடும் அறிஞர்களும் உளர். ஆயினும் மணிச்சத்தை விட்டுவிடலாம் என்று சொல்வார் இல்லை.

இதனை மாணவர்களோடு செய்து பார்த்தோம். பிரிக்பீல்ட்சுக்கு அருகிலுள்ள தாசேக் பெர்டானா ஏரியிலிருந்து நீர் எடுத்து வந்து நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டு, வகுப்பறைச் சன்னலோரம் வைத்தோம். இரண்டு வாரத்தில் இரண்டும் சேர்ந்த குவளை நன்கு பச்சையானது. மணிச்சத்து மட்டும் இட்டது மெல்லிய பச்சை. மற்ற இரண்டும் ஏறக்குறைய பழையபடியே. மாணவர்களுக்கு மட்டற்ற மகிழ்ச்சி. ஆனால், நான் அங்கே நிறுத்தவில்லை. போத்தல் சோதனை பெரியவர்களையே திசைதிருப்பிய கதையைச் சொல்லி, "நம் குவளையை நம்பலாமா?" என்று கேட்டேன். குவளைக்கு அடிச்சேறு இல்லை, காற்று மோதும் பரப்பு குறைவு, மழை கொண்டுவரும் மண் இல்லை என அவர்களே அடுக்கினார்கள். அறிவியல் விழாவுக்குப் பரிசு நோக்கிப் பயிற்றுவிக்கும் நாம், விடை கிடைத்த பின்னும் ஐயுறும் பழக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2005இல் தேசிய நீர் ஆய்வுக் கழகமான நஹ்ரிம் 90 ஏரிகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்தபோது, 62 விழுக்காடு ஊட்டம் மிகுந்து கெட்ட நிலையில் இருந்தது தெரிய வந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் 10 இலட்சத்தில் 35 பங்கு மணிச்சத்து இருந்தாலே ஏரி அந்நிலையைத் தொட்டுவிடும். 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் ஒழுங்குமுறை விதியோ, தேங்கிய நீர்நிலைகளில் விடப்படும் சுத்திகரித்த நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், இரண்டாம் தரத்திற்கு 10 மில்லிகிராம் என வரம்பிடுகிறது. ஏரியில் கலந்து நீர்த்துப் போகும் என்பது உண்மையே. இருந்தாலும் 5 மில்லிகிராம் என்பது அந்த 35 பங்கைப்போல் 140 மடங்குக்கும் மேல்! 6ஆம் ஆண்டு மாணவர்களுக்கு இதனைவிடப் பொருத்தமான அலகு மாற்றக் கணக்கு உண்டா?

முன்கூட்டியே சிந்தித்துக் கட்டப்பட்ட ஏரியும் நம்மிடம் உண்டு. புத்ராஜெயா ஏரி சுமார் 400 எக்டர். சுங்கை சுவாவ், சுங்கை பீசா நீரை ஏரிக்குள் விடுமுன் வடிகட்டுவதற்காக 1997, 1998இல் 24 பாத்திகளாகச் செயற்கை ஈரநிலம் அமைத்தார்கள். மேட்டு நிலத்துப் பண்ணைகளிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் வரும் ஊட்டத்தை நாணலும் கோரையும் உறிஞ்சிக்கொள்ளும். வண்டல் அடியில் படியும். செடியை அவ்வப்போது அறுத்து அகற்றாவிட்டால், அது மடிந்து உறிஞ்சியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். தமிழகத்து உழவர்கள் கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலுக்கு வண்டியில் ஏற்றிய வழக்கமும் இதே வேதியியல்தான். ஏரியின் மிகை, வயலின் உரமாயிற்று.

அந்த ஏரி இருக்கும் நிலம் யாருடையது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. 'பெரும் போர்' என்பதே பெயரின் பொருள். உலகெங்கும் நடப்பட்ட பி.பி. வகை இரப்பர் மரங்களின் பி.பி. என்பது இத்தோட்டத்தின் தலைப்பெழுத்துகளே. நகரம் எழுந்தபோது இத்தோட்டத்தையும் அண்டைத் தோட்டங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. ஈரநிலப் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் தாவரங்களின் பெயர்களைப் படிக்கும் நம் பிள்ளைகள், அந்த மண்ணுக்கு உரமிட்ட கைகளைப் பற்றியும் கேட்டறியட்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லவிருக்கிறோம். நீர்த்தரச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இசைந்துள்ளது. ஏரிக்குள் நுழையும் நீரையும் ஈரநிலத்துக்கு மேலே வரும் நீரையும் தனித்தனியே அளக்கப் போகிறோம். அத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவரின் தாத்தாவும் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு முன்பு எந்த வழியாக ஓடியது என்று காட்டுகிறாராம்.