தேன் ஈட்டாத தேனீக்கள்

தேனீ என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது தேனடையே. மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்பன கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பன. ஆதலின் அவற்றை நாம் அறிவோம். ஆயின் உலகில் இதுவரை பெயரிடப்பெற்ற தேனீ வகைகள் 20,000க்கு மேற்பட்டன. அவற்றுள் மிகப் பல அரசியும் கூட்டமும் இன்றித் தனித்து வாழ்பவை. நமக்கென ஒரு துளித் தேனும் வைப்பவை அல்ல. சுரும்பு, ஞிமிறு, தும்பி என முன்னோர் பல பெயரிட்டு அழைத்த இனத்தை நாம் வண்டு என்னும் ஒரு சொல்லில் அடக்கி மறந்துவிட்டோம். அத்தனித்தேனீக்களைக் காணும் விருப்பத்தால், கடந்த தை மாதத்தில் நாங்கள் நால்வர் இடைசெவலுக்குச் சென்றோம்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாற்றுக்குச் செல்லும் வழியில் உள்ளது இவ்வூர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் என்று இலக்கிய அன்பர் அனைவரும் இதனை அறிவர். சுற்றிலும் கரிசல் நிலம். மழையில் ஊறிப் பருத்து, கோடையில் பாளம்பாளமாய் வெடிக்கும் மண். வானத்தை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பது தை, மாசியில் வீடு வந்து சேரும். ஆகவே இங்குப் பயிர்கள் பூத்திருப்பது ஆண்டில் சில வாரங்களே. எஞ்சிய மாதங்களில் தேனீ எதனை உண்டு உயிர் வாழும்? இவ்வினாவுக்கு விடை காண்பதே எங்கள் நோக்கம்.

விடை விளைநிலத்தில் இல்லை. வரப்பிலும் ஓடைக்கரையிலும் இருந்தது. அங்கே ஆவாரை பொன்போலப் பூத்து நின்றது. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் காப்பாகக் கட்டப்பெறும் அதே ஆவாரை. அப்பூவில் தேன் இல்லை; மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் நுனியில் சிறு துளையுடைய பைகளுள் அடைபட்டுக் கிடக்கிறது. மக்கள் கருவண்டு என்று வழங்கும் தச்சுத்தேனீ ஒன்று வந்து, பூவை இறுகப் பற்றி, சிறகை அசைக்காமலே தன் மார்புத் தசைகளை அதிரச் செய்தது. பறக்கும்போது எழும் ஒலியினும் கூரிய ஓர் ஒலி கேட்டது. மகரந்தம் துளைவழியே பொடியாகச் சிதறியது. தேனடை கட்டும் தேனீக்கள் இவ்வித்தையை அறியா. கத்தரிப்பூவும் இவ்வகைத் துளைப் பையுடையதே. எனவே ஆவாரையில் பசியாறும் இவ்வண்டு நம் கத்தரித் தோட்டத்திற்கும் வேண்டியதாகிறது.

ஆவாரையும் எருக்கும் ஆண்டின் பெரும்பகுதியும் பூப்பன. மழைக்குப் பின் தும்பையும் கொழுஞ்சியும் மலரும். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தி வைத்து, பயிரில்லாத காலமெல்லாம் வண்டினத்தைப் புரப்பது நாம் வீண் நிலம் என்று இகழும் இடமே.

நாங்கள் குனிந்து நோக்குவதைக் கண்ட முதியவர் ஒருவர் அருகில் வந்தார். “இந்தக் கருவண்டு கூரைக் கழியைத் துளைக்கும், தேனும் தராது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், தம்பிகளா?” என்றார். அவருடைய உளுந்துப் புஞ்சையின் ஓரத்தில் துவரை வரிசையாகப் பூத்திருந்தது. அதில் இலைவெட்டித் தேனீ ஒன்று அமர்ந்து, வயிற்றின் அடிமயிரெல்லாம் மஞ்சள் பூசி எழுந்ததைக் காட்டினோம். “உளுந்து பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், கம்புக்கும் மக்காச்சோளத்திற்கும் காற்றே போதும். ஆனால் துவரை இவற்றின் வரவால் நன்கு காய்க்கும், பூசணிக்கும் வெள்ளரிக்கும் இவை வராவிடில் காயே இல்லை, ஐயா” என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், மறுவாரம் இயந்திரம் கொண்டு ஓடைக்கரை முழுவதையும் துப்புரவு செய்ய இருப்பதாகக் கூறினார். சீமைக்கருவேலம் அங்கே அடர்ந்திருந்தது. 1877இல் சென்னை மாகாணத்திற்குக் கொணரப்பட்டதாகக் கூறப்பெறும் இம்மரம் கரிசற்காட்டை இன்று வளைத்துக் கொண்டுள்ளது. இதன் பூவிலும் தேனீக்கள் உண்ணும் என்பது மெய்யே; எனினும் இது செறிந்த இடத்தில் தும்பைக்கும் கொழுஞ்சிக்கும் இடமில்லை. அதனை அகற்றுவது நன்றே. ஆனால் இயந்திரத்திற்குச் சீமைக்கருவேலமும் ஒன்று, ஆவாரையும் ஒன்று.

“கருவேலத்தை மட்டும் எடுத்து ஆவாரையை விட்டுவைக்கலாகாதா, ஐயா?” என்று வேண்டினோம். “செடி நின்றால் எலியும் பூச்சியும் அங்கேதானே தங்கும்? ஆள் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினால் கூலி யார் கொடுப்பது?” என்று கேட்டார். அவர் கூற்றை மறுக்க எங்களிடம் சொல் இல்லை. வண்டின் பொருட்டுக் கூலி கொடுப்பார் இந்நாட்டில் அரியர். நெடுநேரப் பேச்சுக்குப் பின், துவரையை அடுத்த வரப்பு ஒன்றை மட்டும் தொடாமல் விடுவதாக ஒப்புக்கொண்டார். முழு ஓடைக்கரையை எண்ணிச் சென்ற எங்களுக்கு ஒரு வரப்புக் கிடைத்தது.

பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை தென்னாட்டு மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்து, நம் நாட்டு அடுக்குத்தேனீக்கு ஏற்ற பெட்டியையும் அமைத்துத் தந்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தனித்தேனீக்கோ அத்தகைய பேணுநர் இலர். சில உழாத வரப்பு மண்ணில் வளை தோண்டும். சில உலர்ந்த கிளையைக் குடையும். சில உட்டுளையுள்ள தண்டில் இலைத்துண்டுகளால் அறை அமைக்கும். ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை ஒன்றும் முட்டை ஒன்றும் வைத்து மூடுவதோடு தாயின் கடமை முடிகிறது. அவ்வறை அடுத்த பருவம் வரை குலையாதிருத்தல் வேண்டும். வரப்பைச் சுரண்டுவதும் களைக்கொல்லி தெளிப்பதும் பட்ட கிளையைக் கொளுத்துவதும் ஒரு தலைமுறையையே அழிப்பனவாம்.

நண்பர்களே, நம்முட் பலர் புஞ்சையுடைய குடும்பத்தினர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தந்தையரிடமும் பாட்டனாரிடமும் ஒரு வரப்பைக் கேட்டுப் பெறுவோமாக. பெருநிலம் வேண்டியதில்லை, பயிர் ஓய்ந்த காலத்தில் பூக்கும் நாலைந்து ஆவாரையும், ஓர் எருக்கும், கலைக்காத கையகல மண்ணும் இருந்தால், வண்டு அடுத்த பருவத்துத் துவரைப் பூவை நாடி வரும்.