நம்பர் அதே, நெட்வொர்க் வேறு

2024 ஜூன் 28, வெள்ளி

நேற்று ஜியோ அறிவித்தது. இன்று ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் பின்தொடர்ந்துவிட்டன. முதல் இரண்டுக்கும் ஜூலை 3 முதல் புதிய கட்டணம், மூன்றாவதற்கு ஜூலை 4 முதல். நாட்டின் செல்போன்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் கையில்தான் இருக்கின்றன. ரீசார்ஜ் கடைகளில் ஒரே பேச்சு: பழைய விலையில் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளலாமா?

ஜூலை 3, புதன்

நாளுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆகிவிட்டது. 60 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் மாதம் என்பது இங்கே 28 நாள். ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். 3,107 ரூபாய் செலவழித்தவர் இனி 3,887 எடுத்து வைக்க வேண்டும். நான்கு போன் உள்ள வீட்டுக்குக் கூடுதல் சுமை 3,120 ரூபாய்.

அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். கட்டணத்தை உயர்த்தவில்லை. அதன் 199 ரூபாய் திட்டத்தில் 30 நாள் வேலிடிட்டி, நாளுக்கு 2 ஜிபி. கணக்கு போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, “எங்க ஏரியாவில் டவர் கிடைக்குமா?”

ஜூலை 8, திங்கள்

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுவது, அதாவது ‘போர்ட்’ பண்ணுவது, பலர் நினைப்பதுபோல் பெரிய வேலை இல்லை. ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் ஆதாருடன் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் சிம் கிடைக்கும். அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் எண் புதிய நிறுவனத்துக்கு மாறிவிடும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பழைய சிம்மில் உள்ள பேலன்ஸ் உடன் வராது என்பதால், வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாறுவது நல்லது.

இந்த மாதம் 1-ஆம் தேதி முதல் இன்னொரு விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிம்மை மாற்றி வாங்கிய ஏழு நாளுக்குள் போர்ட் குறியீடு தர மாட்டார்கள். அடுத்தவர் எண்ணுக்கு மோசடியாக சிம் வாங்கி, வங்கி ஓ.டி.பி.யைப் பிடிப்பவர்களைத் தடுக்கவே இது.

போர்ட் பண்ணும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. அதற்கு முன் நிறுவனத்தை விட்டால் எண்ணையும் விட வேண்டியிருந்தது.

செப்டம்பர்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட ஜூலைக் கணக்கு இது: பி.எஸ்.என்.எல்.லுக்கு ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஏர்டெல் ஏறத்தாழ 17 லட்சம், வோடபோன் ஐடியா 14 லட்சம், ஜியோ ஏழரை லட்சம் வாடிக்கையாளரை இழந்தன.

டிசம்பர் 23, திங்கள்

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு இணையம் எதற்கு? பேரன் பேச வேண்டும், கேஸ் சிலிண்டர் ஓ.டி.பி. வர வேண்டும், ரேஷன் எஸ்.எம்.எஸ். வர வேண்டும்; அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்காகப் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் கட்டாயம் என்று டிராய் இன்று விதி கொண்டுவந்திருக்கிறது. சிறப்புக் கட்டண வவுச்சர்களின் வேலிடிட்டியை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டவும் அனுமதி.

2025 ஜனவரி

திட்டங்கள் வந்துவிட்டன, விலைதான் ஏமாற்றம். ஏர்டெல்லில் இணையம் இல்லாத ஓராண்டுத் திட்டம் 1,849 ரூபாய். ஜூலை உயர்வுக்கு முன் இதே நிறுவனத்தில் 24 ஜிபி இணையத்தோடு ஓராண்டுத் திட்டம் 1,799-க்குக் கிடைத்தது. இணையத்தை எடுத்துவிட்ட பிறகும் 50 ரூபாய் அதிகம். விதியை எழுதியவர்கள் விலையை நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். குறைவாகப் பயன்படுத்துபவர் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் பாட்டிக்குக் கிடைக்கவில்லை.

இந்த மாதம் வந்த நவம்பர்க் கணக்கில் பி.எஸ்.என்.எல்.லும் சந்தாதாரர்களை இழந்திருக்கிறது. விலையைப் பார்த்து வந்தவர்களை 4ஜி எட்டாத இடங்களில் தக்கவைப்பது கடினம்.

2025 செப்டம்பர் 27, சனி

ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சேவையைத் தொடங்கிவைத்தார். 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள். சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். கூட்டில் உள்நாட்டிலேயே உருவான தொழில்நுட்பம். மாறத் தயங்கியவர்கள் மீண்டும் யோசிக்க இது காரணம்.

ஆனால் தேசியக் கணக்கு ஒரு வீட்டின் பின்கட்டில் சிக்னல் இருக்கிறதா என்று சொல்லாது. இரட்டை சிம் போனில் மலிவான சிம்மைப் புது எண்ணாக வாங்கிப் போட்டு, ஒரு வேலிடிட்டி முழுக்க வீட்டிலும் வேலை இடத்திலும் பேருந்திலும் பேசிப் பார்க்கலாம். திருப்தியாக இருந்தால் பழைய எண்ணிலிருந்து 1900-க்கு அந்த எஸ்.எம்.எஸ். போகட்டும். விண்ணப்பித்த பிறகு மனம் மாறினாலும் 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு ரத்து எஸ்.எம்.எஸ். அனுப்ப வழி இருக்கிறது.