விரலைப் பார்த்த பிள்ளை



சென்ற கார்த்திகை தீபத்தன்று மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறினோம். அது அண்டை வீட்டாரின் விழா. எனினும் 2668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் நெருப்பு திருவண்ணாமலையில் எல்லார் வீட்டு மாடிக்கும் தெரியும். பக்கத்து மாடியில் ஒன்றரை வயதுக் குழந்தையொன்று தாயின் இடுப்பில் இருந்தபடியே மலையைச் சுட்டி, "அங்க, அங்க" என்றது. நானும் என் மகனைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுட்டிக் காட்டினேன். அவன் மலையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தான். அதை மெல்லத் தொட்டுத் திருப்பினான். அப்போது அவனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும்.

அன்றிரவு உறக்கமில்லை. தனித்தனியே அறிந்திருந்தும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அஞ்சியிருந்தவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். பாங்கு ஒலித்தாலோ விளையாட்டை விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடுவான். தண்ணீர் வேண்டுமென்று கேட்கவோ காட்டவோ மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தின்மேல் வைப்பான். முன்பு சொல்லிவந்த இரண்டு மூன்று சொற்களும் எப்போதோ மறைந்துபோயிருந்தன.

"காது நல்லாத்தானே கேக்குது? இவன் அத்தாவும் நாலு வயசுலதாம்மா பேசினான்" என்று மாமியார் ஆறுதல் சொன்னார். கண்ணேறு என்றார் ஓர் உறவினர். ஓதிப் பார்த்தோம். இன்றும் இரவுதோறும் ஃபலக், நாஸ் ஓதி அவன் உடலைத் தடவிவிடுகிறேன். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அதையே சாக்காக வைத்து மருத்துவரிடம் செல்வதை நான்கு மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை பயானில் கேட்டுத் தலையாட்டியவள்தான் நான். உண்மையில் நான் அஞ்சியது வேறு. சீட்டில் ஒரு சொல்லை எழுதிவிட்டால், நாளை இவன் அக்காவுக்கு வரன் வருமா என்று யாரோ கேட்டது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. அந்த வதந்திக்கு வேரான 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010 இல் திரும்பப் பெற்றுவிட்டது. செய்தியை நம்பித் தன் பிள்ளைக்கு ஊசியை நிறுத்தப்போன நாத்தனாரைத் தடுத்தேன். அந்த மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது இதைத்தான்: "தூரத்திலுள்ள பொருளை நீங்கள் சுட்டிக் காட்டினால் பார்க்கிறானா?" 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கான எம்-சாட் என்னும் வினாப்பட்டியலில் 20 கேள்விகள், அதில் முதலாவது அது. எனக்குக் குரல் எழவில்லை. கணவர்தான் "இல்லை" என்றார். இது சல்லடை மட்டுமே, முடிவன்று என்று மருத்துவர் விளக்கினார். பாங்குக்கு ஓடினாலும் செவிப் பரிசோதனை அவசியம் என்றார். ஆட்டிசம்தானா என்று உறுதியாகும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கச் சொன்னார்.

செவியில் குறையில்லை. பயிற்சியாளர் எனக்குக் கற்றுத்தந்தது மிக எளியது: முதலில் பொருளைத் தொட்டே காட்ட வேண்டும், அவன் பார்க்கத் தொடங்கியபின் விரலைச் சிறிது சிறிதாக விலக்க வேண்டும். பிஸ்கட், பந்து, பூனை என்று நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு முழத் தொலைவு வந்திருக்கிறோம்.

கணவர் அவனை மீண்டும் இஷாவுக்கு அழைத்துச் செல்கிறார். கடைசி ஸஃப்பில் கைகளைப் படபடவென்று அசைத்துக்கொண்டு நிற்பானாம். ஒரு பெரியவர் முகம் சுளித்தபோது, நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுததைக் கணவர் தாழ்ந்த குரலில் நினைவூட்டினாராம். மறுநாள் அந்தப் பெரியவரே நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்.

முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக்காக அடுத்த மாதம் செல்கிறோம். எந்தச் சொல்லை எழுதித் தருவார்களோ தெரியாது. கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள்.