டவருக்குப் பின்னால்

போடியில் அம்மாவின் கண்ணைப் பார்த்த டாக்டர் தேனியில் இருந்தார். போடியில் இருந்தது அரவிந்த் கண் மருத்துவமனையின் சிறிய பார்வை மையம். சிஸ்டர் கண்ணைச் சோதித்துவிட்டு அம்மாவைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். "புரை முத்திடுச்சும்மா, இனிமே தள்ளிப்போடாதீங்க" என்றார் திரையில் டாக்டர். அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். இழுவைக் கம்பிகள் நிறுத்திப் பிடித்த குழாய்க் கம்பம். உச்சியில் தேனியைப் பார்த்தபடி கம்பிவலை டிஷ்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ரூவர் குழு அமைத்த வலை அது. எடுத்துக்கொண்டதோ வீட்டுக்குள் புழங்கும் வைஃபை. அதை 15 கிலோமீட்டர் வரை எறிய வேண்டியிருந்தது. அலை அந்தத் தூரம் போக 50 மைக்ரோவினாடி, பதில் திரும்ப இன்னொரு 50. வைஃபையோ அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' என்ற பதிலை உடனே எதிர்பார்க்கும். பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே தொலைந்துவிட்டதென்று மறுபடி அனுப்பும். கருவியை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருளை மாற்றினார்கள்: ஆளுக்குக் கொஞ்ச நேரமாகப் பேச்சைப் பங்கிட்டார்கள், பதில்களை மொத்தமாக அனுப்ப வைத்தார்கள். 2007இல் வைல்ட்நெட் என்ற பெயரில் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி இரண்டு மலைகளுக்கு இடையே 382 கிலோமீட்டருக்கு வைஃபையை எட்டவைத்தார். சாதனைதான். ஆனால் என் மனம் போடியைத்தான் பெரிதென்கிறது. அங்கே மறுமுனையில் டாக்டர் இருந்தார்.

மலைக்கு மலை எளிது. சமவெளியில் மரம் இருக்கிறது. டிஷ்கள் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 கிலோமீட்டர் பாதையென்றால், நடுவில் பார்வைக்கோட்டைச் சுற்றி சுமார் 22 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிப் போகும். அதில் பாதிக்கு மேலாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். ஒரு தென்னந்தோப்பு வளர்ந்தால் கம்பமும் வளர வேண்டும்.

கம்பம் என்றதும் மேலூர் நினைவுக்கு வருகிறது. 2001 வாக்கில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இணைய கியோஸ்க்குகள் வந்தன. அவற்றுக்கு இணைப்புக் கொடுத்தது சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாக் கருவி. 10 கிலோமீட்டர் எட்டும், வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு புகைப்படம் இறங்கவே பொறுமை வேண்டிய வேகம். ஆனாலும் வெப்கேமில் கண்ணைப் படமெடுத்து அரவிந்துக்கு அனுப்ப அது போதுமாக இருந்தது. நம் நாட்டில், நம் ஊருக்கென்று யோசித்துச் செய்த கருவி. அதற்குரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்குப்பின் வைமாக்ஸ் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் வந்தது, 50 கிலோமீட்டர் எட்டும் என்றார்கள். 4ஜி வந்து அதை ஓரங்கட்டியது. இப்போது எங்கள் ஊரில் சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது, சாயங்காலமானால் படம் நகர மறுக்கிறது. கோடு காட்டுவது செல்போனுக்கும் டவருக்கும் உள்ள உறவை மட்டும். டவரிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் வழிக்குப் பேக்ஹால் என்று பெயர். அது ஃபைபராக இருக்கலாம், டவரில் தொங்கும் மைக்ரோவேவ் டிரம்மாகவும் இருக்கலாம். அது குறுகலானால் ஊர் முழுவதும் அந்தச் சந்துக்குள்தான் நெரிய வேண்டும்.

தேனி வலையின் பலம் இந்த இடத்தில்தான் என்று இப்போது புரிகிறது. டாக்டரும் நோயாளியும் ஒரே வலையின் இரண்டு முனைகள். பேச்சு இணையத்தைச் சுற்றி வர வேண்டியதில்லை. அந்த வலையையும் கரண்ட் படுத்தியது. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் கருவிகள் கெட்டன. இத்தகைய வலைகளைத் தொடர்ந்து உயிரோடு வைப்பதுதான் பெரிய வேலை என்று ப்ரூவர் குழுவே 2008இல் எழுதியது. சரியான பவர் சப்ளையும் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் எந்த டிஷ்ஷும் நிலைக்காது.

பேக்ஹாலுக்குத் திரும்புவோம். 2011இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம், சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது. அதுதான் பின்னாளில் பாரத்நெட். அடுத்த கிராமசபையில் டவர் கேட்டு மனு எழுதும்போது இன்னும் இரண்டு வரி சேருங்கள்: ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த ஃபைபரில் வெளிச்சம் ஓடுகிறதா, டவரின் பேக்ஹால் எத்தனை மெகாபிட் என்று. பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.