மகளுக்கு எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்

2025 மார்ச் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. லண்டனில் ஹரோ பகுதியில் வசிக்கும் எங்கள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு அப்போது ஒன்பதாவது வாரம், முதற் பிள்ளை. முந்திய நாள்தான் மருத்துவமாதுவைச் சந்தித்துத் தன்னைப் பதிந்துகொண்டு வந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கேள்விகள் கேட்டார்களாம். உண்ணும் உணவு, செய்யும் தொழில், தகப்பன் வழியில் சலரோகம் உண்டா என்று நீண்ட அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் 'அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அம்மா, பிள்ளை வயித்தில இருக்கேக்க உங்களுக்குப் பிரஷர் வந்ததோ எண்டு கேக்கினம். அம்மாவுக்கோ கூடப் பிறந்த சகோதரிக்கோ வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேணுமாம்."

என் மனைவி சற்றும் தாமதியாமல் பதில் சொன்னாள். "உன்னோடை ஒண்டும் வரேல்லைப் பிள்ளை."

முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகள் பலரைப் பேட்டி கண்டிருக்கிறேன். அவள் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த 'உன்னோடை' என்ற சொல்லுக்குள் ஒரு பிள்ளை ஒளிந்து கிடந்தது. எங்கள் மகளுக்கு முன்னர் ஒரு மகன் எங்களுக்கு இருந்தான் என்பதோ, அவன் 1993 ஆவணியில் உயிரில்லாமல் பிறந்தான் என்பதோ அவளுக்குத் தெரியாது. 1997இல் கொழும்பில் பிறந்தவளிடம் அதைச் சொல்ல நாங்கள் ஒருநாளும் துணியவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று முதலில் நினைத்தோம். பிறகு படிக்கிற பிள்ளைக்கு எதற்கு, கலியாணம் பேசுகிற நேரத்தில் எதற்கு என்று வருடங்கள் போய்விட்டன.

அன்றிரவு மனைவியின் தமக்கையிடமும் ஆலோசனை கேட்கப்பட்டது. "பிள்ளைத்தாச்சிப் பொம்பிளையிட்டை இதைச் சொல்லக் கூடாது. பயந்து போவாள்" என்பது அவரது தீர்ப்பு. மனைவியும் அதை ஏற்றுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் தொழிற் பழக்கம் என்னை விடவில்லை.

பிரி-எக்லாம்சியா என்று வைத்தியர்கள் சொல்லும் நோய் கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின்னர் வருவது. குருதி அமுக்கம் ஏறும். பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போகும். முற்றினால் வலிப்பு வரும். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வருவதற்கான வாய்ப்பு அதிகம். பிரித்தானியாவின் 'நைஸ்' என்ற சுகாதார வழிகாட்டி நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதற் கர்ப்பம் என்பது நடுத்தர ஆபத்துக் காரணங்களில் ஒன்று. தாய்க்கு அல்லது சகோதரிக்கு இந்நோய் இருந்தது என்பது இன்னொன்று. ஒன்று மாத்திரமென்றால் பொறுத்திருக்கலாம். இரண்டு சேர்ந்தால் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து பிரசவம் வரை நாள்தோறும் 75 முதல் 150 மில்லிகிராம் வரையான அஸ்பிரின் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. தாமதமாகத் தொடங்கினால் பலன் குறைவு.

ஆக, என் மனைவியின் அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு குளிசையின் தலைவிதி தங்கியிருந்தது. மகளுக்கு ஒன்பது வாரம். எங்களிடம் இருந்தது மூன்று வாரம்.

மறுநாள் காலை மனைவியிடம் இதை விளக்கினேன். அவள் எதுவும் பேசாமல் எழுந்து போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து வந்தாள். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி ஆகியவற்றுடன் 1993ஆம் ஆண்டின் கிளினிக் அட்டையும் அதற்குள் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோது நான் புத்தகங்களில் ஒரு சிறு கட்டைத்தான் காவினேன். அவள் இந்த அட்டையைக் காவியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அட்டைக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கியது. ஏனெனில் அந்தத் துண்டு எனக்குத் தெரியும்.

அக்காலத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உசுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைப் போத்தலில் பொன்போலப் பாதுகாப்பார்கள். பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. நான் இளம் உதவி ஆசிரியன். எங்கள் கிராமத்து மருத்துவமாது சைக்கிளில் வந்து மனைவியைப் பார்ப்பார். ஒரு வியாழக்கிழமை அவர் குருதி அமுக்கத்தை அளந்துவிட்டு, கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பட்டணத்து வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணரின் செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்குப் போகும்படி ஒரு துண்டு எழுதித் தந்தார். 150/95 என்பது அவருடைய கையெழுத்தில் இன்றும் மங்காமல் இருக்கிறது.

ஒன்பது மைல். சைக்கிள் பாரில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கிழமை அலுவலகத்தில் ஒப்புநோக்குவதற்கு ஆளில்லை. "அடுத்த செவ்வாய் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அடுத்த செவ்வாய் வருவதற்கு முன்னர் சனிக்கிழமை தலையிடி தொடங்கியது. ஞாயிறு இரவு கண் மங்குகிறது என்றாள். மல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். திங்கள் விடியப்புறம் வலிப்பு வந்தது. அயலவரின் பழைய ஒஸ்ரின் கார் உயிர்பெறவே அரைமணி நேரம் சென்றது. வைத்தியசாலையில் இருந்தவர்கள் கையிலிருந்ததைக் கொண்டு என் மனைவியைக் காப்பாற்றித் தந்தார்கள். பிள்ளையை முடியவில்லை.

(இந்த வலிப்புக்கு மக்னீசியம் சல்பேற்றே சிறந்த மருந்து என்பதைப் பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது 1995இல். இரண்டு வருடம் பிந்திய செய்தி. அதை நான் அறிந்துகொண்டது இந்தத் தேடலின்போதுதான்.)

முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த மரணத்தை நான் போரின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். தடையைப் பற்றியும் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றியும் எத்தனையோ கட்டுரைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் என் மகன் பெயரில்லாமல் இருந்தான். எழுதியவை எல்லாம் உண்மைகள்தான். ஆனால் அந்தத் துண்டு பதினொரு நாட்கள் எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது என்பதும் உண்மை. அதை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை.

ஞாயிறு மாலை மகளை நாங்களே அழைத்தோம். சொல்லத் தொடங்கியது மனைவி. பாதியில் நான் எடுத்துக்கொண்டேன். துண்டைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் நீண்ட மௌனம். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கேட்டது வேறொன்று.

"அண்ணாவுக்குப் பேர் வச்சனீங்களோ?"

"நான் வச்சனான்" என்றாள் மனைவி. பெயரையும் சொன்னாள். எனக்கும் அது புதிது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அதன் பின்னர் காரியங்கள் வேகமாக நடந்தன. மகள் மருத்துவமாதுவுக்கு அறிவித்தாள். பதிவின்போது அவளது குருதி அமுக்கம் 138/88 ஆக இருந்ததையும் சேர்த்துப் பார்த்து, கொன்சல்டன்ட் தலைமையிலான பராமரிப்புக்கு அவளை மாற்றினார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் அஸ்பிரின் தொடங்கியது. இரவு ஒன்பது மணிக்கு 150 மில்லிகிராம். ஏப்ரல் நடுப்பகுதியில் நிபுணரைச் சந்திக்கத் திகதியும் வந்தது.

கொன்சல்டன்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பிழை விடுகிறார்கள். ஒரு சாரார் ஏதோ பெரிய ஆபத்து வந்துவிட்டது என்று கலங்குகிறார்கள். மற்றவர்கள், இங்கே கொழும்பில் தனியார் வைத்தியசாலைக்குக் காசு கட்டி 'வி.ஓ.ஜி.'யைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு முறையும் அதே பெரிய டொக்டர் வந்து கை பிடித்துப் பார்ப்பார் என்று நினைக்கிறார்கள். இரண்டும் அல்ல. மருத்துவமாது விலகிப் போவதில்லை. அவருடைய சந்திப்புகள் தொடரும். கிளினிக்கில் பார்ப்பவர் சில வேளை நிபுணரின் கீழ் பயிலும் வைத்தியராகவும் இருக்கலாம். ஆனால் என்ன செய்வது, எப்போது செய்வது என்ற திட்டத்துக்கு நிபுணரே பொறுப்பு. பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க மேலதிக ஸ்கான்கள் இருக்கும். பிரசவம் மருத்துவமாதுகள் மட்டும் நடத்தும் நிலையத்திலோ வீட்டிலோ அன்றி, வைத்தியர்கள் உள்ள பிரசவ விடுதியில் என்று பெரும்பாலும் ஆலோசனை சொல்வார்கள். இறுதி முடிவு பெண்ணுடையது. மகளுக்கு நீர்த்தொட்டியில் பிள்ளை பெறும் ஆசையொன்று இருந்தது. அது போய்விட்டதே என்று ஒருநாள் வருந்தினாள். மறுநாள் அதை மறந்துவிட்டாள்.

அந்தச் சந்திப்புக்கு நேரம் குறைவு என்பதால் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யார், எப்போது, எங்கே, என்ன, எப்படி. செய்தி எழுதுவதற்கு இளைஞர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் அதே கேள்விகள். தாய்க்கு அப்போது வயது 24, முதற் கர்ப்பம், முப்பத்துமூன்றாவது வாரம், அளவு 150/95, பதினொரு நாள் கழித்து வலிப்பு, பிள்ளை உயிருடன் பிறக்கவில்லை, இரண்டாவது கர்ப்பத்தில் நிபுணரின் கவனிப்பு, சுகப்பிரசவம். ஒவ்வொரு வரியையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கண்டிப்பான ஆசிரியரைக் கண்டதில்லை. "விடியப்புறம் இல்லை, மூண்டு மணி" என்று திருத்தினாள். "தலையிடி வெள்ளிக்கிழமையே இருந்தது. உங்களுக்குச் சொன்னது சனிக்கிழமை." வெள்ளிக்கிழமை என்று எழுதினேன்.

பக்கத்தின் கீழ்ப்பாதி மகளின் கேள்விகள். வீட்டில் பிரஷர் அளக்கும் கருவி எது வாங்குவது. எந்த அளவுக்கு மேல் போனால் அழைப்பது. நள்ளிரவில் எந்த இலக்கம். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று நான் வற்புறுத்தினேன். மருந்துகள் எல்லாவற்றையும், கைமருந்து உட்பட, சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அங்கேதான் மனைவி பிடிபட்டாள். மகளின் இருமலுக்கென்று அதிமதுரம் போட்ட கசாயச் சரக்கைப் பொதியாகக் கட்டி அனுப்ப ஆயத்தமாக வைத்திருந்தாள். அதிமதுரம் குருதி அமுக்கத்தை ஏற்றக்கூடியது. பொதி பிரிக்கப்பட்டது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் மகளுக்கு ஆங்கிலம் தடையில்லை. ஆனால் அண்மையில் ஐரோப்பாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்த எத்தனையோ பெண்களுக்குக் கணவனோ மைத்துனியோதான் மொழிபெயர்ப்பாளர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கேளுங்கள். முன்னொரு பிள்ளை இறந்தது என்பதை மாமியாரின் முன்னிலையில் எந்த மருமகள் சொல்வாள்? ஆசியப் பெண்களுக்குக் கர்ப்பகால ஆபத்து அதிகம் என்பதை அந்நாட்டின் தாய் மரண ஆய்வு அறிக்கைகள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கின்றன. அதற்கான காரணங்கள் பல. ஆனாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும் பதில்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிபுணர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாராம். இதை எழுதியது யார் என்று கேட்டாராம். "அம்மாவும் அப்பாவும்" என்று மகள் சொல்லியிருக்கிறாள். அம்மாவை முதலில் சொன்னதைக் கவனித்தேன், சரிதான்.

கோடை முழுவதும் அளவுகள் நன்றாகவே இருந்தன. முப்பத்தாறாவது வாரத்தில், செப்டெம்பரில் ஒரு மாலை, மகளுக்குத் தலையிடி வந்தது. கருவியில் 152/98. மருமகன் வேலையில் இருந்தார். அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. நேரே வைத்தியசாலையின் மகப்பேற்று அவசர இலக்கத்துக்கு அழைத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருந்தாள். அவளுக்கும் வந்திருந்தது. தடுக்க முடியாவிட்டாலும் தள்ளிப்போட முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அதை நிரூபிக்க வழியில்லை. மருந்து கொடுத்து, விடுதியில் வைத்துப் பார்த்து, முப்பத்தேழு வாரம் நிறைந்ததும் பிரசவத்தைத் தூண்டினார்கள். பெண் குழந்தை. ஐந்தே முக்கால் இறாத்தல்.

அஸ்பிரின் தொடங்கிய நாளிலிருந்து லண்டனில் இரவு ஒன்பது மணியாகும்போது, அதாவது இங்கே பின்னிரவு ஒன்றரைக்கு, மனைவி எழும்பி மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவாள். 'குளிசை போட்டாச்சோ?' 'போட்டாச்சு' என்று பதில் வந்த பின்னர்தான் படுப்பாள். பிள்ளை பிறந்ததோடு அந்தக் குளிசை நின்றுவிட்டது. ஆனாலும் அவள் ஒன்றரைக்கு எழும்புகிறாள். சில இரவுகளில் நானும் எழுந்து தேநீர் போடுகிறேன். அந்தப் பெயரைச் சொல்லி இப்போது இருவரும் பேசிக்கொள்கிறோம்.