கைதட்டல் இல்லாத பாட்டு



"மலருக்கு உன் பாட்டைக் கொடுப்பா" என்று நம் மன்றச் செயலாளர் இரண்டு மாதமாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார். எந்தப் பாட்டு என்று உங்களுக்கும் தெரியும். போன வருட ஆண்டு விழாவில் கோப்பை வாங்கிய பாட்டு. அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குச் சங்கீதம் யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் தாளம் அம்மாச்சியிடம் கேட்டது. தீப்பெட்டியாபீஸில் காலமெல்லாம் கட்டை அடுக்கிய கை அது. வேலையை விட்டு வருஷக்கணக்காகியும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் விரல்கள் தரையில் 'டக்கு டக்கு' என்று குச்சி அடுக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஒரு சினிமா மெட்டைப் போட்டு, நானாக வார்த்தை கோத்துப் பாடுவேன். ஆறாம் வகுப்பில் கட்டிய முதல் பாட்டு, விடிவதற்குள் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பும் பயராபீஸ் பஸ்ஸைப் பற்றியது. அந்த பஸ்ஸில்தான் அம்மா வேலைக்குப் போவாள். "பஸ்ஸுல எல்லாரும் உன் பாட்டைத்தான்டா பாடுறோம்" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது!

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போகும்போதெல்லாம் தாத்தா ஒருவரைப் பற்றிச் சொல்வார். எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். 1886-ல் நம்ம சிவகாசியில் பிறந்த நாடக நடிகர். முருகன் வேஷம் கட்டிப் புராண நாடகம் நடிப்பார். நடுவில் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துப் பாடுவார். கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. அந்தக் கொக்கு யார் என்று ஜனத்துக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். பாடினால் கைது என்று தெரிந்தே பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். "பாடுனா அப்படிப் பாடணும்டா" என்பார் தாத்தா. எனக்கு அதில் மேடை மட்டும்தான் மனதில் பதிந்தது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தெரு அக்கா ஒருத்தி பயராபீஸ் விபத்தில் போய்விட்டாள். 'மருந்து கலக்கும்போது உராய்வு' என்று பேப்பரில் நாலு வரி. அதே ஆபீஸில் நாலு ஷெட் தள்ளி அம்மா சரம் பின்னிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை, பேசவில்லை. மூடியிருந்த ஆபீஸ் திறந்ததும் மறுபடி பஸ் ஏறினாள்.

நான் பாட்டு எழுதினேன். மெட்டும் என்னுடையதே. அழுதுகொண்டுதான் எழுதினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு விழாவுக்கென்று மெருகு ஏற்றினேன். கடைசி அடியில் பெஞ்சைத் தட்டி, வெடிச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். அரங்கமே எழுந்து விசிலடித்தது. "ஒன்ஸ்மோர்!" இரண்டாம் தடவை இன்னும் பலமாக வெடித்தேன். கோப்பை வாங்கினேன்.

நண்பன் எடுத்த வீடியோ செல்போனில் ஊரெல்லாம் சுற்றி, அக்காவின் அம்மா கைக்கும் போயிருக்கிறது. குழாயடியில் என்னைப் பார்த்தவர்கள் திட்டவில்லை.

"நல்லாத்தான் பாடிருக்க தம்பி. அந்தச் சத்தத்தை மட்டும் எதுக்குய்யா போட்ட? அதுக்குப் போயி எதுக்கு அம்புட்டுப் பேரும் விசிலடிச்சாக?"

என்னிடம் பதில் இல்லை. விஸ்வநாததாஸ் பாட்டுக்காக ஜெயிலுக்குப் போனார். நான் பாடிக் கோப்பை வாங்கினேன். எட்டு மாதம் ஒரு வரிகூட எழுத வரவில்லை. பெஞ்சைத் தட்டப் போனாலே அந்தச் சத்தம் காதில் கேட்கும்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு அந்த அம்மாவே ஆள் அனுப்பினார்கள், "அந்தத் தம்பியைப் பாடச் சொல்லு" என்று. நான் பாடவில்லை. முதலில் உட்கார்ந்து கேட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்கு அக்கா போட்ட சண்டை, தையல் மெஷின் வாங்கச் சேர்த்த சீட்டுப் பணம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்கும் கனகாம்பரம்... எல்லாம் சொன்னார்கள். ஒரு வாரத்தில் பாட்டைத் திருப்பி எழுதினேன். வெடிச் சத்தத்தை எடுத்தேன். தாளத்துக்கு அம்மாச்சியின் 'டக்கு டக்கு' மட்டும்.

நினைவு நாளன்று அந்தத் திண்ணையில் பாடி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல எம்புள்ள சிரிக்கிறா" என்றார்கள் அந்த அம்மா. வரக்காப்பி கொடுத்தார்கள்.

அந்தப் பாட்டு இப்போது அந்த வீட்டுடையது. அதனால்தான் செயலாளருக்குக் கொடுக்கவில்லை.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் அதே ஆபீஸ்களுக்கு சூப்பர்வைசராகப் போவோம். பாட்டால் உராய்வை நிறுத்த முடியாது. "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, மருந்து வேலை வேண்டாம்" என்று அங்கே நிற்கிற ஒருவரால் முடியும். அப்படிச் சொல்பவருக்கும் யாரும் கைதட்டப் போவதில்லை. பரவாயில்லை, சொல்லுங்கள்.

நான் மறுபடி பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் சாயங்காலம் விடுதித் திண்ணைக்கு வாருங்கள்.

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை